குறிக்கண்ணாடிக்கு ஒரு மூடி

பயப்பிடாதேங்கோ தம்பி, ஒண்டுமில்லை. ரெயில் பழுதாகேல்லை. எல்க் ஒண்டு, இஞ்சத்தைப் பெரிய மான், தண்டவாளத்திலை நிக்குதாம், அது விலகுமட்டும் நிக்கப்போறம் எண்டு அறிவிக்கிறான். இந்தப் பாதையிலை இது வழக்கம்தான். தம்பி தமிழ்தானே? அம்மாவோடை போனிலை கதைச்சதைக் கேட்டனான். ஒட்டுக்கேக்கேல்லை, தமிழ் காதிலை விழுந்தால் கழுத்து தன்பாட்டிலை திரும்புது, என்ன செய்ய. எந்த ஊர்? திண்டுக்கல்லோ! சரி, சரி. நான் யாழ்ப்பாணம், வேலணை. பேர் சிவபாதம். இஞ்சாலை வந்து இருங்கோ, இதிலையிருந்து பாத்தால் அது நிக்கிறது தெரியும்.

அந்தா, வளைவிலை. மரத்துக்கும் கம்பத்துக்கும் நடுவிலை கறுப்பா. நில்லுங்கோ, வடிவாக் காட்டுறன். இது சுத்தின துவாயை, துண்டை, ஒருக்காப் பிடியுங்கோ.

ஐயோ, ஏன் அப்பிடிப் பாக்கிறியள்! இது துவக்கில்லை. துவக்கெண்டால் உங்கடை துப்பாக்கி. அது வீட்டிலை இரும்புப் பெட்டியிலை பூட்டிக் கிடக்கு. இது அதுக்கு மேலை பூட்டுற குறிக்கண்ணாடி மட்டும், ஸ்கோப். பிடியுங்கோ, கடிக்காது. கண்ணை ஒட்ட வைக்காதேங்கோ, நாலு விரல் தள்ளி. சிலுவை மாதிரி ஒரு கோடு தெரியும், அதைக் கவனிக்காதேங்கோ. காதைப் பாருங்கோ. ஒரு காது முன்னுக்கு, ஒரு காது பின்னுக்கு. ரெயிலையும் கேக்குது, காட்டையும் கேக்குது. குதிரையை விட உயரம், மூஞ்சியை மட்டும் ஆரோ அவசரத்திலை செய்து விட்டமாதிரி. போ ராசாத்தி, போ, உந்த ரெயில்காரன் கோண் அடிக்கப்போறான். இறங்கு. அந்தா, இறங்கிட்டுது. நல்ல பிள்ளை.

ஓம், நான் வேட்டைக்காரன்தான். ஏன், ஆளைப் பாத்தால் தெரியேல்லையோ? சிரியுங்கோ, சிரியுங்கோ. லைசென்ஸ் இருக்கு, சோதினை எழுதிப் பாஸ் பண்ணினனான், அதுவும் நொஸ்க்கிலை, இந்த நோர்வேக்காரற்றை பாஷையிலை, முதல்தரமே. இஞ்சை வேட்டை களவில்லைத் தம்பி. அரசாங்கம் இத்தினை எல்க் சுடலாம் எண்டு ஒவ்வொரு காட்டுக்கும் பிரிச்சுக் குடுக்கும். ஊர் ஊரா ஒரு வேட்டைக்குழு இருக்கும். கண்டபடி ஆரும் போய் அதிலை சேர ஏலாது, அவங்களாக் கூப்பிடவேணும். என்னைக் கூப்பிட்டவங்கள்.

நீங்கள் ஒஸ்லோவுக்கோ? அப்ப ஹாமாரிலை இறங்கி மாறவேணும். நானும் ஹாமாரிலை இறங்கிறன். எனக்கு அதோடை சரி. மூடி ஒண்டு வாங்கவேணும். இந்தக் கண்ணாடிக்குத்தான். என்ன, ஒரு மூடிக்கு இவ்வளவு தூரம் ரெயிலேறி வாற விசரனோ எண்டு யோசிக்கிறியள். யோசியுங்கோ. என்ரை மனிசியும் அதைத்தான் சொன்னவ, போனிலை.

அவ ஒஸ்லோவிலை, மேளோடை. முந்தி எங்கடை ஊரிலை கொஞ்சத் தமிழ்ச் சனம் இருந்தது. பிள்ளையளின்ரை படிப்பு, வேலை எண்டு ஒவ்வொரு குடும்பமா ஒஸ்லோவுக்குப் போயிட்டினம். லோகேஸ், அதுதான் என்ரை மனிசி, மேளின்ரை பிள்ளைப்பேறு பாக்கப் போனவ. அந்தப் பிள்ளை இப்ப பள்ளிக்கூடம் போகுது. வருவா. குளிர் குறையட்டும் எண்டு சொல்லுறவ. வருசா வருசம் குளிர் குறையத்தானே செய்யுது, பாப்பம்.

நான் அங்கை போய் எப்பிடி இருக்க ஏலும்? எனக்கு இஞ்சை வேட்டை இருக்கு. இந்தச் செப்ரெம்பர் கடைசியிலை தொடங்கும், அடுத்த கிழமை. அதை விட்டிட்டு ஒஸ்லோவிலை அஞ்சாம் மாடியிலை இருந்துகொண்டு என்ன செய்யிறது? பேரனுக்குத் தமிழும் வராது, எனக்கு அவன்ரை விளையாட்டும் விளங்காது.

நான் வயோதிபர் இல்லத்திலை சமையல்காரனா இருந்தனான். இப்ப பென்சன். எவ்வளவு காலம் தெரியுமோ, இந்த நாட்டுக்கு வந்த நாளிலையிருந்து அடுப்புத்தான். அவிச்ச உருளைக்கிழங்கு, வெள்ளைக் குழம்பு, அவிச்ச மீன். உறைப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. நான் வைச்சதை ருசி பாக்க எனக்கே மனம் வராது. ஆனால் கிழடுகள் சாப்பிடும். டோர்ஸ்தைன் எண்டு ஒருத்தன், ஆடு வளக்கிறவன், கை ரெண்டும் மண்வெட்டி மாதிரி இருக்கும், அவன்ரை தாய் எங்கடை இல்லத்திலைதான் இருந்தது. கடைசிக் காலத்திலை ஒண்டும் சாப்பிடாதாம் அந்த மனிசி. நான் களவா ஒரு சொட்டு இஞ்சியும் சீரகமும் போட்டு ரசம் மாதிரி ஒண்டு வைச்சுக் குடுப்பன். குடிக்கும். அது செத்தாப் பிறகு டோர்ஸ்தைன் குசினிக்குள்ளை, என்ரை அடுப்படிக்கே வந்தான். கையைக் குடுத்தான். அம்மா கடைசிமட்டும் சாப்பிட்டவ எண்டான். பேந்து, நீ வேட்டைக்கு வாறியோ எண்டு கேட்டான்.

அவங்கள் அப்பிடித்தான். அழமாட்டாங்கள், வேட்டைக்குக் கூப்பிடுவாங்கள்.

லோகேஸ் போய்ச் சரியான தனிமையா இருந்த நேரம் அது. நான் ஒளிக்கேல்லை, தனிமைதான். தமிழிலை கதைக்க ஆளில்லாமல் சட்டியோடை கதைச்சுக்கொண்டிருந்தனான். அதாலை வகுப்புக்குப் போனன், சோதினை எழுதினன், துவக்கு வாங்கினன். எங்கடை நாட்டிலை துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவன் இஞ்சை வந்து காசு குடுத்து வாங்கினன் பாருங்கோ. லோகேசுக்கு ஒரு மாசம் என்னோடை கதை இல்லை.

வேட்டை எப்பிடியெண்டால், காலமை இருட்டோடை எல்லாரும் காட்டுக் குடிலுக்கு முன்னாலை கூடுவம். டோர்ஸ்தைன் தன்ரை தொப்பியைக் கழட்டி, அதுக்குள்ளை மரச்சிராம்புகள் போட்டுக் குலுக்குவான். ஒவ்வொண்டிலும் ஒரு இடத்தின்ரை பேர். ஆர் எந்த இடத்திலை காவல் இருக்கிறதெண்டு குலுக்கல்தான், பெரியவன் சின்னவன் இல்லை. எனக்கு அநேகமாச் சதுப்புநிலத்துக்குப் பக்கத்திலை ஒரு பெரிய கல் இருக்கிற இடம்தான் விழும். ரெண்டு பேர் நாயோடை எல்க்கை எழுப்பிக்கொண்டு வருவாங்கள், மற்றவை அவையவையின்ரை இடத்திலை அசையாமல் இருக்கவேணும். நாள் முழுக்க.

அப்ப தனிமை இல்லையோ எண்டு கேக்கிறியளோ? அதுதான் இல்லை! எல்லாற்றை காதிலையும் ஒரு சின்ன றேடியோ. மெல்லமா ஆரும் கதைச்சால் எல்லாருக்கும் கேக்கும். ஆரோ கோப்பி உறிஞ்சிறது கேக்கும், ஆரோ மூக்கை இழுக்கிறது கேக்கும். நடுவிலை டோர்ஸ்தைன் கேப்பான், “சீவா, குளிருதோ?” எண்டு. என்னைச் சீவா எண்டுதான் கூப்பிடுறவங்கள். நான் “இல்லை” எண்டுவன். காலெல்லாம் விறைச்சுப்போயிருக்கும், ஆனால் இல்லை எண்டுவன். வீட்டிலை எனக்குக் குளிருதோ எண்டு கேக்க ஆர் இருக்கினம் சொல்லுங்கோ.

பின்னேரம் எல்லாரும் குடிலுக்கு வந்து நெருப்பைச் சுத்தி இருப்பம். ஆர் சுட்டாலும் இறைச்சி எல்லாருக்கும் சமபங்கு, ஒண்டும் சுடாதவனுக்கும். அதுதான் அவங்கடை முறை. என்ரை பங்கு வீட்டிலை ஃபிரீசர் நிறையக் கிடக்கு. லோகேஸ் அது மாடு மாதிரி எண்டு தன்ரை சட்டியிலை வைக்க விடமாட்டா. சட்டி இஞ்சை, ஆள் அங்கை, எண்டாலும் நான் அந்தச் சட்டியிலை வைக்கிறேல்லை.

நானோ? இல்லை, நான் இன்னும் ஒண்டும் சுடேல்லை. அதைச் சொல்லத்தானே வந்தனான். எல்லாம் இந்த மூடியாலை.

குறியைப் பற்றி மட்டும் கதையாதேங்கோ. வருசா வருசம் சுட்டுக்காட்டவேணும், எல்க் மாதிரிக் கீறின மட்டைக்கு. என்ரை எல்லாம் நெஞ்சுக்குள்ளைதான் போகும். போன மாசமும் அப்பிடித்தான். “சீவா, நீ கடதாசி எல்க்குகளுக்கு யமன்” எண்டு பகிடி பண்ணுவாங்கள். கடதாசிக்கு மூடி தேவையில்லைத்தானே, வெய்யிலுக்கை நிண்டு சுடுறது. காட்டிலை அப்பிடியோ? தூறலும் பனியும் கண்ணாடியிலை படிஞ்சால் எல்லாம் கஞ்சித்தண்ணிக்குள்ளாலை பாக்கிறமாதிரி இருக்கும். அதாலை முன்னுக்கொரு மூடி, கண் வைக்கிற பக்கம் ஒரு மூடி. மிருகம் வந்தவுடனை சத்தம் போடாமல், கெதியா, ஒரு கையாலை திறக்கவேணும். சின்ன விசயம் மாதிரித்தான் தெரியும். கடையிலை போய் மூடி எண்டு கேட்டுப் பாருங்கோ, சுவர் முழுக்கத் தொங்குது.

முதல் வாங்கினது மலிவு. ரெண்டு கிண்ணம், ரெண்டையும் தொடுக்கிற றப்பர் வார். இழுத்துக் கழட்டவேணும். ஒரு கொம்பன் எல்க் வந்து நிக்குது, நான் இழுக்கிறன், றப்பர் துள்ளி என்ரை மூக்கிலை அடிச்சுது. எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி, கொம்பன் ஓடிப் போட்டுது. பின்னேரம் நெருப்படியிலை அதைத் திருப்பித் திருப்பிச் செய்துகாட்டச் சொல்லிச் சிரிச்சாங்கள். சிரிக்கட்டும், நானும் சிரிச்சன். அந்த வருசம் நல்ல வருசம்.

பேந்து சுருள்கம்பி வைச்ச மூடி. பெருவிரலாலை அழுத்தினால் தன்பாட்டிலை எழும்பித் திறக்கும். கடையிலை சத்தமே இல்லை. காட்டிலை, அந்த அமைதியிலை, டக் எண்டு கதவு அடிச்சமாதிரி. நான் எண்ணெய் விட்டன், கம்பளித் துண்டு வெட்டி ஒட்டினன், பின்னேரங்களிலை வீட்டு ஹோலிலை இருந்து அழுத்தி அழுத்திப் பழகினன். ரீவியையும் நிப்பாட்டிப்போட்டு, சத்தம் கேக்குதோ எண்டு. கேக்கும். அந்த வருசம் ஆத்துக்கு அங்காலை ஒண்டு வந்து தண்ணி குடிச்சுது. கனநேரம் குடிச்சுது. அழுத்தினால் சத்தத்துக்கு ஓடிடும். அதாலை நான் அழுத்தேல்லை. குடிச்சு முடிச்சுப்போட்டு அது போட்டுது.

அளவும் ஒரு தலையிடி தம்பி. ஸ்கோப் வந்த பெட்டியிலை ஐம்பது மில்லிமீற்றர் எண்டு எழுதியிருக்கு. நான் ஐம்பதுக்கு மூடி எடுப்பிச்சன், ஏறவே மாட்டன் எண்டுது. பேந்துதான் தெரியும், அது உள்ளுக்கை இருக்கிற கண்ணாடியின்ரை அளவாம். மூடி வெளியிலை உலோகத்துக்கு மேலை எல்லே பூட்டுறது, அது அதைவிடப் பெரிசு. சரியெண்டு பெரிசா ஒண்டு எடுப்பிச்சால் அது கழண்டு சதுப்புக்குள்ளை விழுந்து போச்சுது. துணியிலை உறை மாதிரி ஒண்டு, அது நனைஞ்சு கண்ணாடியைப் புகாராக்கி, மங்கலாக்கிப் போட்டுது. இந்தமுறை பிழை விடக்கூடாதெண்டுதான் ஸ்கோப்பையே கழட்டிக்கொண்டு வாறன். கழட்டினால் திருப்பிப் பூட்டிச் சுட்டுச் சரிபாக்கவேணும், இல்லாட்டில் குறி விலத்திப் போகும். வேட்டை அடுத்த கிழமை எண்டால் என்ன, அதெல்லாம் பாப்பம். முதல்லை மூடி.

போன வருசத்தை எடுங்கோ. போன வருசம் நான் எல்லாத்தையும் விட்டிட்டு, ஊடு தெரியிற மூடி வாங்கினன். கண்ணாடி மாதிரி பிளாஸ்ரிக், லேசா மஞ்சள். அதைத் திறக்கவே தேவையில்லை, அதுக்குள்ளாலையே பாத்துச் சுடலாம் எண்டு கடைக்காரன் சொன்னான். கேக்க எவ்வளவு நல்லா இருக்கு! சத்தமும் இல்லை, கையும் தேவையில்லை.

ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் கல்லுக்குப் பக்கத்திலை. காதிலை டோர்ஸ்தைன் சொல்லுறான், “சீவா, ரெண்டு உன்ரை பக்கம் வருது. தாயும் கண்டுக்குட்டியும். முதல்லை குட்டி.” அது சட்டம் தம்பி. தாயைச் சுட்டால் குட்டி பனிக்குள்ளை தனிய நிண்டு செத்துப்போகும், அதாலை குட்டியைத்தான் முதல்லை சுடவேணும். நான் துவக்கைத் தூக்கினன். வந்திட்டுதுகள். தாய் முன்னுக்கு, குட்டி பின்னாலை. சதுப்பு நடுவிலை தாய் நிண்டு குனிஞ்சு என்னவோ கடிச்சுது. குட்டி என்னைப் பாத்துக்கொண்டு நிண்டுது. முதுகிலை பனி கிடக்கு, சிலிர்த்து உதறுது, திரும்பப் பனி விழுகுது, திரும்ப உதறுது. கண்மயிரிலை ஒரு துண்டுப் பனி ஒட்டிக்கிடந்தது. அது கரையுமட்டும் பாத்துக்கொண்டிருந்தனான். மூக்கிலையிருந்து ஆவி போகுது. அவ்வளவு வடிவாத் தெரிஞ்சுது தம்பி, உங்கடை முகம் தெரியிறமாதிரி.

ஆனால் மஞ்சள் எல்லே? மஞ்சளுக்குள்ளாலை தூரத்தை மட்டுக்கட்ட ஏலாது. பிழையாப் பட்டால் மிருகம் காயத்தோடை ஓடும், அது பாவம். நான் அதைத்தான் யோசிச்சனான். யோசிச்சுக்கொண்டிருக்க ரெண்டும் மெல்ல நடந்து காட்டுக்குள்ளை போட்டுதுகள்.

“சீவா?” எண்டு காதிலை கேட்டான். நான் சொன்னன், காணேல்லை, மூடியிலை ஐஸ் பிடிச்சிட்டுது எண்டு. கொஞ்சநேரத்தாலை அவன் நடந்து வந்தான். கல்லுக்கு முன்னாலை பனியிலை குளம்பு அடையாளம், பெரிசும் சின்னனும், அந்தா இந்தா எண்ட தூரத்திலை. அதைப் பாத்தான். என்னட்டைத் துவக்கை வாங்கி, பெருவிரலாலை மூடியை ஒருக்காத் துடைச்சான், அதுக்குள்ளாலை சதுப்பைப் பாத்தான். கனநேரம் பாத்தான். பேந்து திருப்பித் தந்திட்டு, “ஓம் சீவா, இந்த மூடி கஷ்டம்தான்” எண்டான். எண்டிட்டுத் தன்ரை போத்திலைத் திறந்து எனக்குக் கோப்பி வாத்தான். பாத்தியளோ, அவனே சொல்லிட்டான் மூடியிலைதான் பிழை எண்டு.

இப்ப வாறன் என்ரை கோவத்துக்கு. திங்கட்கிழமை டோர்ஸ்தைன் எனக்குப் போன் எடுத்துக் கதைச்சான். இந்த வருசம் எல்க் குறைவாம், எங்கடை காட்டுக்குத் தந்த எண்ணிக்கையை வெட்டிப்போட்டாங்களாம், அதாலை துவக்குகளையும் குறைக்கவேணுமாம். “சீவா, நீ குடிலிலை நில். அந்தக் கறியை வை. பங்கு அதே பங்கு. காதிலை றேடியோவும் போட்டுக்கொள், கதைச்சுக்கொண்டிருப்பம்” எண்டான். எவ்வளவு இனிப்பாச் சொன்னான் தெரியுமோ! நான் ஒரு வருசம் சும்மா குடிலிலை எல்க் இறைச்சியிலை எங்கடை தூள் போட்டுக் கறி வைச்சுக் குடுத்தனான், சட்டியை வழிச்சு நக்கினவங்கள். அதைப் பிடிச்சுக்கொண்டாங்கள். வாழ்நாள் முழுக்க அடுப்படியிலை நிண்டவனை, காட்டுக்குப் போயும் அடுப்படியிலையே விடப் பாக்கிறாங்கள். அப்ப நான் எழுதின சோதினை? வாங்கின துவக்கு? எனக்குச் சரியான மானக்கேடாப் போச்சுது தம்பி. யோசிச்சுச் சொல்லுறன் எண்டன். வெள்ளிக்கிழமை பேர் எழுதிக் குடுக்கவேணும், அதுக்கிடையிலை சொல்லு எண்டான்.

ஓம், இண்டைக்குத்தான் வெள்ளி. அதுதான் இந்தப் பயணம். சரியான மூடியைக் கையிலை வைச்சுக்கொண்டு போன் எடுத்து, டோர்ஸ்தைன், மூடி சரி வந்திட்டுது, என்ரை கல்லைத் தா எண்டு கேக்கப்போறன்.

நில்லுங்கோ. போன் அடிக்குது, இவன்தான். பேரைச் சொன்னவுடனை எடுக்கிறான் பாருங்கோ. ஒரு நிமிசம் தம்பி.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களுக்கு நொஸ்க் இன்னும் விளங்காது, என்ன? இல்லை, இல்லை, சண்டை இல்லை. குரல் கொஞ்சம் ஏறிட்டுது, அவ்வளவுதான். சனம் திரும்பிப் பாக்குதோ? பாக்கட்டும்.

எடுத்தவுடனை என்ன கேட்டான் தெரியுமோ? சீரகம் தான் வாங்கி வைக்கட்டோ, நான் கொண்டு வருவனோ எண்டு. எல்லாரும் அவன்ரை குசினி மேசையிலை இருக்கிறாங்களாம், பேர் எழுதுறாங்களாம். பின்னாலை “சீவா, சீவா” எண்டு கூப்பிடுறது கேக்குது. ஆர்னே எண்டு ஒரு கிழவன் இருக்கிறான், வருசத்துக்கு ஒருக்கா வாய் திறக்கிறவன், அவனும் கத்துறான். எனக்குச் சீரகம் எண்ட சொல்லைக் கேட்டவுடனை பத்திக்கொண்டு வந்திட்டுது. சொல்லிப்போட்டன். கல் இல்லாட்டில் நானும் இல்லை, சட்டி கிளற வேறை ஆளைப் பார், நான் இந்த வருசம் வரேல்லை எண்டு.

மற்றவங்கள் கத்துறதை நிப்பாட்டிட்டாங்கள். பேந்து, “சரி சீவா. எங்களுக்குக் கவலைதான். ஆனால் நீ சொன்னால் சரி” எண்டான். அவ்வளவுதான். வைச்சிட்டான்.

ஏன் தம்பி அப்பிடிப் பாக்கிறியள்? நான் வரேல்லை எண்டு சொன்னால் வரேல்லை எண்டோ அர்த்தம்? உங்கடை பக்கம் எப்பிடி? ஒரு வீட்டை போறம், சாப்பிடுங்கோ எண்டு கேக்கினம், உடனை இலைக்கு முன்னாலை இருக்கிறதோ? இல்லை, இல்லை, இப்பதான் சாப்பிட்டது எண்டுவம். அவை கையைப் பிடிச்சு இழுப்பினம். அப்பவும் வேண்டாம் எண்டுவம். பேந்து, நீங்கள் இருக்காட்டில் நாங்களும் சாப்பிடேல்லை எண்டுவினம். அதுக்குப் பிறகு இருந்தால்தானே மரியாதை. முதல் கேள்விக்கே ஓம் எண்டுறவனை ஆர் மதிப்பினம்? நான் ஒருக்காத்தானே வேண்டாம் எண்டனான். ஒரே ஒருக்கா. அவன் திருப்பிக் கேட்டிருக்கவேணும். கேட்டிருந்தால் கொஞ்சம் இழுத்துப்போட்டு, சரி போகுது, உங்களுக்காண்டி வாறன் எண்டிருப்பன்.

தெரியும். எனக்குத் தெரியாதோ இவங்களை? இந்த நாட்டுக்கு வந்த புதிசிலை இல்லத்திலை ஒரு கொண்டாட்டம், கேக் வேணுமோ எண்டு தட்டை நீட்டினாங்கள். பசியெண்டால் அப்பிடிப் பசி. வேண்டாம் எண்டன். தட்டு அடுத்த ஆளிட்டைப் போட்டுது. பேந்து என்ரை பக்கம் வரவேயில்லை. அண்டையிலையிருந்து கேக்கெண்டால் முதல்தரமே ஓம் எண்டு எடுக்கப் பழகிட்டன். ஆனால் இது கேக் இல்லைத்தானே தம்பி.

டோர்ஸ்தைன் மற்றவங்கள் மாதிரி இல்லை. என்னை விளங்கினவன். இப்ப எடுப்பான் பாருங்கோ. மற்றவையோடை கதைச்சுப்போட்டு எடுப்பான். போனை இந்த மேசையிலை வைப்பம்.

லோகேசும் ஒருக்காத்தான் கேட்டவ, நீங்களும் ஒஸ்லோவுக்கு வாங்கோவன் எண்டு. நான் வேண்டாம் எண்டன். திருப்பிக் கேக்கேல்லை. இத்தினை காலம் இஞ்சை இருந்து அவவும் இவங்களை மாதிரி ஆகிட்டா போலை.

நான் எடுக்கிறதோ? நான் எடுத்து என்னெண்டு சொல்லுறது? வேண்டாம் எண்டு சொன்னது, இன்னொருதரம் கேக்கட்டும் எண்டுதான் எண்டோ? அதை நொஸ்க்கிலை எப்பிடிச் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியாது. தமிழிலையும் ஒருநாளும் சொன்னதில்லை.

உந்தப் பக்கம் ஏரி தெரியுது பாருங்கோ. ஹாமார் வந்திட்டுது. கண்ணாடியைச் சுத்துவம், துவாயைத் தாங்கோ.

கடை ஸ்டேசனுக்குக் கிட்டத்தான், நடந்தால் கொஞ்சத்தூரம். நீங்களும் வாங்கோவன். இளங்கண், உங்களுக்கு வடிவாத் தெரியும், ஒவ்வொண்டாப் பூட்டிப் பாத்து எடுப்பம். வேட்டைக்குப் போகாட்டிலும் கண்ணாடிக்கு மூடி வேணும்தானே, தூசி பிடிச்சிடும். பேந்து எங்கையாவது இருந்து கோப்பி குடிச்சிட்டு அடுத்த ரெயிலிலை போகலாம். வேண்டாமோ? இல்லை, உண்மையாவோ வேண்டாம், இல்லாட்டில் சும்மா மரியாதைக்குச் சொல்லுறியளோ? ஓ, ஒஸ்லோவிலை உங்களை ஆக்கள் எதிர்பாத்துக்கொண்டிருக்கினமோ. அப்ப போகத்தான் வேணும். இல்லை, இல்லை, நான் குறையா நினைக்கேல்லை. நானே பாத்து எடுப்பன்.

தம்பி, போகமுன்னம் ஒரு உதவி. உங்கடை போனிலை சிக்னல் முழுக்கக் காட்டுதோ? என்ரையிலும் காட்டுது. எண்டாலும் சிலநேரம் இது காட்டிக்கொண்டே வேலை செய்யாமல் நிக்கும். என்ரை நம்பரைச் சொல்லுறன், ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ.

ஓம். அடிக்குது. நல்லாத்தான் வேலை செய்யுது.

கட் பண்ணுங்கோ தம்பி, கெதியாக் கட் பண்ணுங்கோ. அவன் அங்கையிருந்து எடுத்துக்கொண்டிருப்பான், லைன் கிடைக்காமல் போயிடும்.